மூத்த தாக்குதல் ஆட்டக்காரரும் அணியில் அவருக்கான இடமும்

ஹாக்கிக் குழு ஒன்று முப்பது வயதைக் கடந்த தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவரை ஒப்பந்தம் செய்யும்போது, அவர் முன்னர் அடித்த கோல்களையும் நாட்டுக்காக ஆடிய ஆட்டங்களையும் எண்ணிப் பார்த்தே அந்த முடிவைப் பெரும்பாலோர் எடை போடுகின்றனர். கடந்த காலத்துக்குப் பரிசாகக் கொடுக்கப்படும் பணமும் வரும் பருவத்துக்கான கூலியாகக் கொடுக்கப்படும் பணமும் ஒன்றல்ல என்பதை நிருவாகிகள் அறிந்திருந்தும், பெயரின் ஈர்ப்பு அந்த அறிவைப் பலமுறை வென்றிருக்கிறது. ஒப்பந்தத்தின் தகுதியை ஆட்டக்காரரைத் தனியே நிறுத்தி அளக்க முடியாது. அணிப்பட்டியலில் ஏற்கெனவே உள்ளவர்கள் யார், எந்த வேலைக்கு ஆள் இல்லை, புதியவர் எத்தனை நிமிடம் ஆடுவார், அந்த நிமிடங்கள் யாரிடமிருந்து எடுக்கப்படுகின்றன ஆகியவற்றோடு சேர்த்தே அளக்க வேண்டும். இக்கட்டுரை அந்த அளவையை மலேசிய, இந்திய ஹாக்கியின் பதிவான நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்ந்து, கேமரன் மலையின் தேயிலைத் தோட்டப்புறம் போன்ற ஆள்வளம் குறைந்த வட்டாரத்துக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதைக் காண முயல்கிறது.

கேமரன் மலையை இந்த ஆய்வின் நிலைக்களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பெருநகரக் குழு ஒரு தவறான ஒப்பந்தத்தை அடுத்த பருவத்தில் பணத்தால் சரிசெய்துகொள்ளும். மலைவட்டாரக் குழுவுக்கு அந்த வசதி கிடையாது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் குறித்துவைத்த இம்மேட்டுநிலத்தில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து பறித்துத் தோட்டங்களை உருவாக்கியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர்கள். போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி தோட்டங்களின் லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் அவர்கள் வாழ்ந்த வாழ்வின் அடையாளங்கள். பின்னர் கல்வியும் வேலையும் தேடி இளைய தலைமுறை ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிச் சென்றது. கொழுந்தெடுக்கும் வேலைக்கு வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து ஆள்கள் வந்தனர். பதினேழு வயதுவரை மலையில் ஓடியாடிய பிள்ளை இருபது வயதில் மலையில் இருப்பதில்லை என்பதே இங்கு அணி கட்ட நினைக்கும் எவருக்கும் முதல் தடை.

இரண்டாவது தடை நிலம். ஹாக்கித் திடலின் நீளம் 91.40 மீட்டர், அகலம் 55 மீட்டர். சரிவுகளையே விளைநிலமாகக் கொண்ட தோட்டத்தில் அவ்வளவு சமதளம் எளிதில் அமைவதில்லை, அமைந்தாலும் அது காற்பந்துக்கும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் பொதுவான புல்திடலாகவே இருக்கும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடத்தில் புல்திடல் பிற்பகலில் சேறாவது வழக்கம். உயர்தர ஆட்டத்துக்குரிய செயற்கைத் திடலில் பழக வேண்டுமானால், சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்க வேண்டும். சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டி நடைபெறும் நகரம் அதுவே. இவற்றோடு உயரத்தையும் கருத வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவதால், கீழிருந்து புதிதாக வருபவருக்கு ஓட்டத்துக்கு ஓட்டம் மூச்சு திரும்பச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். இளைஞர் இதைச் சில நாள்களில் கடந்துவிடுவார்; முப்பத்தைந்து வயது ஆட்டக்காரர், வார இறுதியில் மட்டும் மலையேறி வந்து ஆடிவிட்டுத் திரும்புபவராயின், கடப்பது கடினம்.

தாக்குதல் ஆட்டக்காரரின் வேலை என்ன என்பதை அடுத்துத் தெளிவுபடுத்த வேண்டும். பார்வையாளர் கண்ணுக்கு அவர் கோல் அடிப்பவர். பயிற்றுநரின் கணக்கில் கோல் என்பது அவர் செய்யும் பல வேலைகளுள் ஒன்று மட்டுமே. எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரரை இழுத்துக்கொண்டு இடம் மாறி, பின்னால் வரும் மத்தியத் திடல் ஆட்டக்காரருக்கு வழி திறந்துவிடுவது. எதிரணி தன் பகுதியிலிருந்து பந்தை வெளியே எடுக்கும்போது முன்னின்று மறிப்பது, அதாவது ‘பிரஸ்’ செய்வது. கோல் கம்பத்தின் அருகே மட்டையைத் தரையில் படியவைத்து, வேகமாக வரும் பந்தின் திசையை மாற்றிவிடுவது. அடிவட்டத்துக்குள் பந்தைத் தற்காப்பாளரின் காலில் படவைத்துப் பெனால்டி கார்னர் பெறுவது ஆகிய எல்லாமே அவருடைய பொறுப்பு. இவற்றுள் முதலிரண்டும் கால்களின் வேலை, அடுத்த இரண்டும் கண்ணும் கையும் சேர்ந்த வேலை. வயது முதலில் கை வைப்பது கால்களின் மீது. பந்து எங்கே வந்து சேரும் என்பதை அது புறப்படும் முன்பே கணிக்கும் பார்வை பல ஆண்டுகள் ஆடியவரிடம் கூடிக்கொண்டுதான் போகிறது. ஆகவே, “இவரால் இன்னும் ஆட முடியுமா?” என்ற கேள்வி முழுமையற்றது, இந்த நான்கு வேலைகளுள் எவற்றை அவரிடம் ஒப்படைப்பது, எவற்றை மற்றவர் தோளில் ஏற்றுவது என்று கேட்பதே பயன் தரும்.

ஆட்டத்தின் விதிகளும் காலத்துக்குக் காலம் இந்தக் கணக்கை மாற்றியிருக்கின்றன. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் திடல் புகுந்தபோது, மேடுபள்ளமான புல்லில் பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக் கொண்டுபோகும் கைத்திறனைவிட ஓட்டவேகமும் உடல்வலுவும் மதிப்புப் பெற்றன. 1990களில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஆட்டக்காரர் வெளியேறி ஓய்வெடுத்து மீண்டும் உள்ளே வர இடம் தரும் தடையற்ற மாற்று முறை ஒன்று. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் ஆஃப்சைடு விதி நீக்கப்பட்டது மற்றொன்று. ஆஃப்சைடு நீங்கியதால் எதிரணிக் கோலின் அருகிலேயே நின்று பந்துக்குக் காத்திருப்பது குற்றமற்றதாயிற்று. தடையற்ற மாற்றால், எழுபது நிமிடமும் தொடர்ந்து ஓட இயலாதவரும் அணிக்குப் பயன்படலானார். 2009இல் தனக்குத்தானே பந்தைத் தட்டிக்கொண்டு தொடரும் உரிமை வந்தபின் ஆட்டம் நின்று தொடங்கும் இடைவெளிகள் சுருங்கின, ஓட்டம் கூடியது. 2014க்குப் பின் அனைத்துலக ஆட்டம் பதினைந்து நிமிடக் கால்பகுதிகள் நான்காகப் பிரிக்கப்பட்டது, மொத்த நேரமும் 70 நிமிடத்திலிருந்து 60 நிமிடமாகக் குறைந்தது. இந்த மாற்றங்களுள் சில மூத்தவருக்குத் துணை நின்றன, சில எதிராக அமைந்தன. மொத்தத்தில் முழுநேர மூத்த ஆட்டக்காரருக்கான இடம் மறைந்து, குறுகிய நேரத்துக்குக் குறிப்பிட்ட வேலையோடு இறங்கும் மூத்தவருக்கு இடம் பிறந்துள்ளது.

இதை எண்களில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஆட்டத்துக்குப் பதினெட்டுப் பேர் கொண்ட பட்டியலில் கோல் காவலர் இருவர் போக எஞ்சும் பதினாறு பேரில் தாக்குதல் வரிசைக்கு ஆறு பேர் ஒதுக்கப்படுவதாகவும், ஒரே நேரத்தில் மூவர் முன்னணியில் ஆடுவதாகவும் கொள்வோமானால், 60 நிமிட ஆட்டத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டிய மொத்தத் தாக்குதல் நேரம் 180 நிமிடம், ஆளுக்கு முப்பது. புகழுக்காக மூத்தவருக்கு 40 நிமிடம் கொடுத்தால் மற்ற ஐவருக்கும் ஆளுக்கு 28 நிமிடமே மிஞ்சும், அவரும் கடைசிக் கால்பகுதியில் களைத்திருப்பார். அவருக்கு 20 நிமிடம் கொடுத்து, அதையும் மூன்று நான்கு நிமிடத் துண்டுகளாகப் பிரித்தால், மற்றவர்களுக்கு 32 நிமிடம் கிடைப்பதோடு, அவர் களத்தில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் புத்துணர்வோடு இருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இந்தப் பங்கீடு தாளில் எழுதப்பட்டு, ஆட்டக்காரரிடமும் காட்டப்பட வேண்டும். பின்னாளில் எழும் மனக்கசப்புகளுள் பல இதைச் செய்யாததால் எழுபவை.

தமிழ் வாசகர் இந்தக் கேள்வியின் எல்லாப் பக்கங்களையும் ஒரே வாழ்க்கையில் காண விரும்பினால், தன்ராஜ் பிள்ளையின் வரலாற்றைப் பார்க்கலாம். புனேவை அடுத்த கட்கியில் 1968 ஜூலை 16இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், 1989 முதல் 2004 வரை இந்தியாவுக்காக 339 ஆட்டங்களில் ஆடினார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம், நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகள் ஆகியவற்றில் களம் கண்டார். மலேசியாவிலும் பேங்க் சிம்பானான் நேஷனல், டெலிகாம் மலேசியா ஆகிய குழுக்களுக்கு ஆடியவர் என்பதால், இந்நாட்டுத் தமிழ் இரசிகர்களுக்கு அவர் தொலைக்காட்சியில் மட்டும் கண்ட முகமல்லர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் தலைமையில் இந்தியா முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வென்றது. அதன் பிறகு நடந்தது இந்திய ஹாக்கி நிருவாகத்தின் வருந்தத்தக்க முடிவுகளுள் ஒன்று: தன்ராஜ் உள்ளிட்ட மூத்த ஆட்டக்காரர் பலர் ஒரே நேரத்தில் நீக்கப்பட்டனர், பயிற்றுநர் எம். கே. கௌசிக்கும் மாற்றப்பட்டார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு நீக்கத்துக்கும் ஒரு காரணம் சொல்ல முடியும். அனைத்தையும் ஒரே மூச்சில் செய்ததற்கு ஆட்டத்தின் அடிப்படையில் நியாயம் எதுவும் இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டும் முறை இங்கே நினைத்துப் பார்க்கத் தக்கது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவாத்து செய்யாவிட்டால் அது மரமாக வளர்ந்து கொழுந்து குறைந்துவிடும். ஆனால் கவாத்து செய்த செடி துளிர்த்து மீண்டும் பறிப்புக்கு வரும்வரை விளைச்சல் தராது. எனவே எந்தத் தோட்டமும் எல்லா மலையையும் ஒரே பருவத்தில் வெட்டுவதில்லை. பகுதி பகுதியாக, ஒன்று துளிர்க்கும்வரை மற்றொன்று கொழுந்து தரும் வகையில் முறைவைத்து வெட்டுகிறது. மூத்தவரை நீக்குவதற்கு மட்டுமன்றிச் சேர்ப்பதற்கும் இந்த முறைவைப்பே விதியாக இருக்க வேண்டும்.

முறைவைப்பு சரியாக அமைந்ததன் விளைவு 2003 செப்டம்பரில் கோலாலம்பூரில் தெரிந்தது. ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 4–2 என்ற கணக்கில் வென்று இந்தியா முதன்முறையாக அக்கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, அணித்தலைவர் தன்ராஜுக்கு வயது 35. அவரைச் சுற்றி இருந்த ககன் அஜித் சிங், தீபக் தாக்கூர், பிரப்ஜோத் சிங் ஆகியோர் 2001இல் இளையோர் உலகக் கிண்ணத்தை வென்ற தலைமுறையினர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். வேகத்தையும் மறிப்பையும் அவர்கள் கவனித்துக்கொண்டதால், பந்தை வாங்கி, திருப்பி, எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் வேலையில் தன்ராஜ் தம்மைச் செலுத்த முடிந்தது. போட்டிக்குச் சில நாள்களுக்கு முன் பெனால்டி கார்னர் வல்லுநர் ஜுக்ராஜ் சிங் சாலை விபத்தில் படுகாயமடைந்திருந்தும் அந்த அணி வென்றது என்பது, வரிசைகளுக்கிடையே இருந்த பொருத்தத்தின் வலிமைக்குச் சான்று.

ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அதே தன்ராஜ், ஏறக்குறைய அதே தாக்குதல் வரிசையோடு, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆடம் சிங்ளேரும் உடன் இருக்க, ஏழாம் இடத்தோடு திரும்பினார். போட்டிக்குச் சற்று முன்னர்தான் ராஜீந்தர் சிங்குக்குப் பதிலாக ஜெர்மானியரான கெர்ஹார்ட் ராக் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றிருந்தார். அணித்தலைமை திலீப் திர்க்கியிடம் இருந்தது. தன்ராஜுக்குக் கிடைத்த நிமிடங்கள் குறைவு என்பது அப்போது பெரிதும் பேசப்பட்டது. அவரைச் சேர்த்தது தவறு என்பாரும், சேர்த்தபின் ஆடவிடாதது தவறு என்பாரும் இன்றுவரை இருக்கின்றனர். இரு தரப்பினரும் ஒன்றைக் கவனிக்கவில்லை: கோலாலம்பூரில் அவருக்கென வரையறுத்த வேலை இருந்தது, ஏதென்ஸில் அது இருந்ததாகத் தெரியவில்லை. பதினாறு பேருக்கே இடமுள்ள ஒலிம்பிக் பட்டியலில், பயிற்றுநரின் திட்டத்தில் இடமில்லாத ஒருவரைப் பெயருக்காக வைப்பது அவருக்கும் நீதியன்று, வெளியே நிறுத்தப்பட்ட மற்றவருக்கும் நீதியன்று. முப்பத்தைந்திலிருந்து முப்பத்தாறுக்குள் ஒருவருடைய ஆற்றல் இவ்வளவு தூரம் சரிவதில்லை. மாறியது அணி, பயிற்றுநர், பணி ஆகியவையே.

ஆஸ்திரேலியாவின் ஜேமி டுவையரை இதனோடு ஒப்பிடலாம். 2004 ஏதென்ஸ் இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் அவர். 2014இல் 35 வயதில் தி ஹேக் நகரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்திலும் கோல் அடித்தார். நெதர்லாந்தை 6–1 என வென்ற அந்த அணி, எந்த நேரத்தில் யார் களத்தில் இருக்க வேண்டும் என்பதை நுணுக்கமாகத் திட்டமிட்டுச் சுழற்றிய அணி. 2016 ரியோவில் 37 வயதில் அவர் மீண்டும் ஒலிம்பிக்கில் ஆடியபோது ஆஸ்திரேலியா காலிறுதியில் அதே நெதர்லாந்திடம் 0–4 எனத் தோற்று ஆறாம் இடத்தில் முடித்தது. அத்தோல்வியை ஒருவர் வயதின்மீது சுமத்துவது பொருந்தாது. ஆயினும், நாட்டுக்கான அணியில் ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் உள்ள நான்கு ஆண்டு இடைவெளியில் மூத்தவரைப் பற்றிய முடிவு எவ்வளவு விரைவில் காலாவதியாகிறது என்பதை இரண்டு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இந்த ஏற்றத்தாழ்வு காட்டுகிறது. குழு ஒப்பந்தத்தை ஒரு பருவத்துக்கு மேல் நீட்டாதிருப்பதே நல்லது என்பதற்கு இது போதிய காரணம்.

சந்தை விலை இதைத் தனக்கே உரிய முறையில் சொல்லிவிட்டது. 2024 அக்டோபரில் புதுடில்லியில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஒவ்வோர் ஆடவர் அணிக்கும் நான்கு கோடி ரூபாய் வரம்பும், இளையோர் நால்வரும் வெளிநாட்டவர் எண்மரும் கொண்ட 24 பேர் பட்டியலும் விதிக்கப்பட்டன. 25 வயதான தாக்குதல் ஆட்டக்காரர் அபிஷேக்கை வங்காள அணி 72 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு ஒலிம்பிக் வெண்கலம் பெற்ற, முப்பதைக் கடந்த லலித் உபாத்யாய் உத்தரப் பிரதேச அணிக்கு 28 லட்சத்துக்குச் சென்றார். திறமையின் இடைவெளி இந்த விலை இடைவெளி அளவுக்குப் பெரியதென்று ஆட்டம் அறிந்த எவரும் சொல்லமாட்டார். குறைந்த விலையில் அனுபவம் கிடைக்கிறது என்பதே மூத்தவரை ஒப்பந்தம் செய்வதன் பொருளாதார நியாயம். விலை குறையாமல், பெயருக்காக இளையவருக்கு இணையாகக் கொடுத்தால் அந்த நியாயம் அழிந்துவிடுகிறது. பட்டியலில் இளையோருக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்ற விதி மலைவட்டாரப் போட்டிகளுக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

பொருத்தம் என்பது தாக்குதல் வரிசைக்குள் மட்டும் முடிந்துவிடுவதில்லை. ஹாக்கி விதிப்படி பெனால்டி கார்னர் வழங்கப்பட்ட கணத்திலிருந்து அது முடியும்வரை ஆட்டக்காரரை மாற்ற இயலாது. கோல் காவலர் காயமடைவது போன்ற நேரங்கள் மட்டுமே விலக்கு. ஆகவே, கார்னர் பெற்றுத்தருவதில் தேர்ந்த மூத்தவர் களத்தில் இருக்கும் நான்கு நிமிடங்களில், அதை ‘டிராக் ஃபிளிக்’ செய்து கோலாக்க வல்லவர் வெளியே அமர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால், பெற்ற கார்னர் பாதி வீண். இருவரையும் ஒரே சுழற்சியில் வைக்க வேண்டும் என்பது எளிய உண்மை. எழுதிவைக்காத அணிகள் இதில் திரும்பத் திரும்பத் தவறுகின்றன. மறிப்பிலும் இதே நிலைதான். மூத்தவர் முன்னின்று மறிக்காவிட்டால் அந்த ஓட்டம் மறைந்துபோவதில்லை. அவருக்குப் பின்னால் இருக்கும் மத்தியத் திடல் ஆட்டக்காரர் அதை ஓடுகிறார், அவருடைய களைப்பு ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் எதிரணியின் கோலாக வெளிப்படுகிறது.

மலேசியா இதற்கு வலியோடு விலை கொடுத்த நாடு. 1975 உலகக் கிண்ண அரையிறுதியில் கோலாலம்பூரில் இந்தியாவை 2–1 என முந்தி நின்றபோது, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய தற்காப்பு ஆட்டக்காரர் அஸ்லாம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலை அடித்தார். ஒரே வேலைக்காக இருக்கையில் வைக்கப்பட்டிருந்த ஒருவர், முழு ஆட்டமும் ஆடியவர்களைவிட அன்று மிகுதியாகப் பயன்பட்டார். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2023 ஆகஸ்ட் 12இல் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் திடலில் ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டத்தின் முற்பாதியை 3–1 என முடித்த மலேசியா, 3–4 எனத் தோற்றது. 56ஆம் நிமிடத்தில் கடைசிக் கோலை அடித்தவர் இந்தியத் தாக்குதல் வரிசையின் மூத்தவர்களுள் ஒருவரான ஆகாஷ்தீப் சிங். கடைசிக் கால்பகுதியில் களைப்பில்லாத கால்களும் பதற்றமில்லாத கைகளும் ஒரே ஆளிடம் கிடைப்பது அரிது. நல்ல அணி அவற்றை இருவரிடமிருந்து பெற்று ஒன்றாக்குகிறது.

மூத்தவர்களால் இளையவர்களின் வழி அடைபடுகிறது என்ற எதிர்வாதத்தைப் புறந்தள்ள முடியாது. 2018 மார்ச்சில் ஈப்போவில் நடந்த அஸ்லான் ஷா கிண்ணத்துக்கு இந்தியா இளையோர் மிகுந்த அணியை அனுப்பி, 31 வயதான மத்தியத் திடல் ஆட்டக்காரர் சர்தார் சிங்கை அதற்குத் தலைவராக்கியது. ஆறு அணிகளில் ஐந்தாம் இடமே கிடைத்தது. மூத்தவர் ஒருவரை நடுவில் நிறுத்திவிட்டால் இளையோர் தாமே முதிர்ந்துவிடுவர் என்ற நம்பிக்கைக்கு அது எச்சரிக்கை. வழிகாட்டல் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் தானாக நிகழும் என எதிர்பார்க்கப்படும் வேலையாகவே பல குழுக்களில் இருக்கிறது. அதே நேரத்தில் வயது எல்லா இடத்திலும் ஒரே வகையில் பாதிப்பதில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெள்ளி வென்றபோது கோல் காவலர் குமார் சுப்பிரமணியத்துக்கு 38 வயது. கோல் காவலருக்குப் பொருந்தும் வயதுக் கணக்கைத் தாக்குதல் ஆட்டக்காரருக்குப் பொருத்தி, “அவரால் முடிந்தது, இவரால் முடியாதா?” என வாதிடுவது பிழை.

இனி மலைக்குத் திரும்பலாம். தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ தோட்டப் பிள்ளைகளைக் கொண்டு குழு கட்ட எண்ணுவோர், ஈப்போவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ முன்னாள் மாநில, தேசிய ஆட்டக்காரர் ஒருவரை அழைத்துவர வாய்ப்புக் கிடைத்தால், முதலில் தங்கள் திடலைக் கருத வேண்டும். பந்து தெறித்து எழும் புல்லில் பழகிய பழைய தலைமுறை ஆட்டக்காரரின் பந்தடக்கும் திறன் இங்கே உண்மையிலேயே மதிப்புள்ளது. செயற்கைத் திடலில் வேகத்தால் வாழ்ந்தவருக்கு அதே திடல் ஏமாற்றமாக அமையலாம். அடுத்து, தப்பாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுப் பாதையில் ஏறி வந்து அன்றே ஆடுபவரிடம் முதல் கால்பகுதியில் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. முந்தின இரவே வந்து தங்குவதற்கான செலவும் ஒப்பந்தத் தொகையின் பகுதியாகக் கணக்கிடப்பட வேண்டும். ஆட்டநாளுக்கு முந்தைய பிற்பகல் பயிற்சியை அவர் பள்ளிப் பிள்ளைகளோடு செய்யும்படி ஏற்பாடு செய்தால், அந்த இரவுத் தங்கல் வீண்செலவாகாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது, அவருக்குப் பக்கத்தில் ஆடப்போகும் இளையவர் இருவரை முன்கூட்டியே பெயர் குறித்து வைப்பது. மூத்தவர் வெளியேறும்போது உள்ளே போவோர் அவர்கள். கார்னருக்கு எங்கே நிற்பது, தற்காப்பாளரின் எந்தத் தோளுக்குப் பின்னால் ஓடுவது, பந்து வராத நிமிடங்களில் என்ன செய்வது ஆகியவற்றை அவரிடமிருந்து கற்கப்போவோர் அவர்கள். மலைவட்டாரத்தில் பதினேழு வயதுப் பிள்ளை இரண்டு மூன்று ஆண்டுகளில் கீழே இறங்கிவிடுவான் என்பது உண்மையாயினும், நல்ல பயிற்சி பெற்று இறங்குபவன் ஈப்போவிலோ தலைநகரிலோ ஒரு குழுவில் இடம் பிடிக்க முடியும், பயிற்சி பெறாமல் இறங்குபவன் மட்டையை லயத்திலேயே விட்டுவிட்டுப் போகிறான். ஆகவே பருவ முடிவில் ஒப்பந்தத்தை மதிப்பிடும்போது மூத்தவர் அடித்த கோல்களோடு நிறுத்திவிடாமல், அந்த இளையவர் இருவரின் ஆட்ட நிமிடங்கள் கூடினவா, அவர்கள் பெற்ற பெனால்டி கார்னர்கள் கூடினவா என்பதையும் குறிப்பேட்டில் பார்க்க வேண்டும். பயிற்றுநருக்கு உதவியாளர் இல்லாத குழுவிலும், ஆசிரியர் ஒருவர் கடிகாரமும் தாளும் கொண்டு இக்கணக்கை எழுதிவிட முடியும்.

மேற்கண்ட நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்க்கையில், தேயிலைத் தோட்டப்புறக் குழு ஒன்று ஒரு நேரத்தில் ஒரே ஒரு மூத்த தாக்குதல் ஆட்டக்காரரை, ஒரே பருவத்துக்கு, ஆட்டத்துக்கு இருபது முதல் இருபத்து நான்கு நிமிடம் என்ற எழுத்துபூர்வ வரையறையோடு, கார்னர் வல்லுநரின் சுழற்சியில் சேர்த்து ஒப்பந்தம் செய்வது ஏற்கத்தக்கது. இந்த நிபந்தனைகளை ஏற்க மறுப்பவர் எவ்வளவு பெரிய பெயராயினும் அவரை விட்டுவிடுவதே குழுவுக்கு நல்லது. அவருக்கென ஒதுக்கிய பணத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளை வார இறுதிகளில் ஈப்போவின் செயற்கைத் திடலுக்கு ஏற்றிச்செல்லும் வேனுக்கு நிருவாகிகள் செலவிட வேண்டும்.